ஒரே பிளேடு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

என் மகள் தென்னாப்பிரிக்க ராணுவத்தின் இரண்டு வருடப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஓட்டத்தில் பெண்களுக்குத் தனி அளவுகோல் வைப்பது சரியா? 2025 செப்டம்பர் 30 அன்று குவாண்டிகோ படைத்தளத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ஹெக்ஸெத், போர்ப் பணிகளுக்கு ஆண்களின் உச்ச அளவுகோல்தான், தாடிக்கு இடமில்லை என்றார். எல்லோருக்கும் ஒரே விதி, இதில் என்ன அநியாயம்? இவளையும் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லிவிடலாமா?

கே., சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள கே.,

மகள் விண்ணப்பித்திருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஓட்டத்தைப் பற்றி நீட்டப்போவதில்லை. வேலைக்கு எது வேண்டுமோ அதை அளந்தால் ஆண், பெண் என்ற பேச்சே எழாது. 2015இல் அமெரிக்கத் தரைப்படையின் கடுமையான ரேஞ்சர் பயிற்சிப் பள்ளியில் முதன்முதலாக இரண்டு பெண்கள் ஆண்களுக்கு வைத்த அதே பரீட்சையில் தேறினார்கள். பொதுவான உடல்தகுதியை வயதும் உடம்பும் பார்த்து அளப்பது வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஆனால் "இதில் என்ன அநியாயம்" என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

அப்பா உங்கள் ஊரில்தான் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். 1994க்குப் பிறகு, பழைய ராணுவத்தையும், மண்டேலாவின் கட்சியான ஏ.என்.சி.யின் ஆயுதப் பிரிவான எம்.கே.யின் போராளிகளையும் ஒரே படையாகச் சேர்த்த சமயம். சனிக்கிழமைகளில் ஒரு ஜூலு இளைஞன் வருவான், சிப்பாய். கழுத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம், சிலதில் சீழ், சட்டைக் காலரில் காய்ந்த ரத்தப் புள்ளிகள். தினமும் தாடியை வழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. அப்பா பிளேடைத் தொடமாட்டார். வெந்நீரில் நனைத்த துண்டை ஒற்றி ஒற்றி வைத்து, தோலுக்குள் சுருண்டு கிடக்கும் முடியை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிடுவார். பிடுங்கமாட்டார். "சுருட்டை முடியை ஒட்ட வழிச்சா முனை கூராயிடும்டா. வளைஞ்சு வந்து அவன் சதையிலயே குத்தும்" என்று எனக்குச் சொல்வார். கிளிப்பரால் துளி நீளம் விட்டு வெட்டி அனுப்புவார். திங்கட்கிழமை முகாமில் அதற்கும் ஏச்சு விழும். ஒரு வாரம் அவனே ஒட்ட வழித்துவிட்டு வந்தான், கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்பா அன்று காசு வாங்கவில்லை.

மருத்துவர்கள் இதை நோய் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கறுப்பின ஆண்களுக்குத்தான் மிகுதியாக வருகிறது, வழிக்காமல் விட்டால்தான் முழுதாக ஆறும். அமெரிக்க ராணுவத்தில் இதற்கு, வழிக்காமல் இருக்க மருத்துவ விலக்கு தருவார்கள். இப்போதோ, ஒரு வருடத்துக்குமேல் விலக்கு தேவைப்படுகிறவரை வேலையை விட்டே அனுப்பலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். விதி ஒன்றுதான், கே. உங்கள் கன்னத்தில் அது ஐந்து நிமிட வேலை. அந்தப் பையன் கழுத்தில் அது சீழ். அவன் ஓட்டத்தில் தோற்கவில்லை, துப்பாக்கி சுடுவதில் தோற்கவில்லை. முடி சுருண்டு வளர்ந்ததற்காக ஒருவன் சோற்றில் கைவைப்பது உங்களுக்கு அநியாயமாகப் படவில்லையா?

தாடி இருந்தால் நச்சுவாயு முகமூடி முகத்தில் ஒட்டாது என்பீர்கள். ஒட்டுகிறதா என்று ஆளுக்கு ஆள் மாட்டிப் பார்க்கட்டுமே. கனடா 2018லும் பிரிட்டன் தரைப்படை 2024லும் தாடிக்கு அனுமதி கொடுத்துவிட்டன.

நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கேப்டவுன் போல்ஸ்மூர் சிறையில் ஐந்து ஆண் காவலர்களை, திரித்திரியாகத் தொங்கும் சடைமுடிக்காக (dreadlocks) 2007இல் வேலைநீக்கம் செய்தார்கள். அதே சிறையில் பெண் காவலர்கள் அதே சடைமுடியை வைத்துக்கொள்ள முடிந்தது. 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், இது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி வந்தபோது நம்மவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் டர்பன் பள்ளி மாணவியின் மூக்குத்திக்காக 2007இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது வீட்டுக்கு வீடு மகிழ்ந்தோம். அந்தப் பள்ளியும் "எல்லோருக்கும் ஒரே விதி" என்றுதான் வாதாடியது. நம் மூக்கு என்றால் உரிமை, அடுத்தவன் கழுத்து என்றால் ஒழுங்கா? நீங்கள் இப்படி எழுதலாமா?

மகளின் மூக்குத்தி. பயிற்சியில் எதிலாவது மாட்டி மூக்கைக் கிழிக்கும் என்றால் அந்த நேரத்துக்குக் கழற்றி வைக்கட்டும். மற்றபடி அது அவள் மூக்கு. உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஓட்டத் தேர்வு எந்தத் தேதி, எந்த மைதானம் என்று தெரிந்ததும் சொல்லுங்கள், நானும் வந்து நிற்கிறேன்.

அன்புடன்