வாசகர் கேள்வி: விழுந்த மரத்தை ஏன் எடுப்பதில்லை?

கேள்வி: வியாசர்பாடியில் மரவாடி நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். வால்பாறைப் பக்கம் சென்றபோது, மூன்று பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத பருமனுள்ள மரங்கள் காட்டில் விழுந்து மட்கிக் கிடப்பதைக் கண்டேன். எடுத்து விற்றால் அரசுக்கு வருமானம் கிடைக்குமே? விட்டுவைத்தால் பூச்சியும் பூஞ்சையும் நல்ல மரங்களுக்குப் பரவாதா, ஐயா?
(வாசகர், சென்னை-39)

பதில்: மரத்தின் விலை அறிந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. முதலில் நிற்கும் மரத்தைப் பார்ப்போம். உள்ளே பொந்துள்ள மரத்தை நீங்கள் மரவாடியில் கழித்துவிடுவீர்கள். ஆனால் தண்ணீர் ஏறுவது பட்டையை அடுத்த வெளிக்கட்டை வழியாக என்பதால், நடுவிலுள்ள வைரப் பகுதி மட்கிய பிறகும் அம்மரம் பல பத்தாண்டுகள் உயிரோடு நிற்கக்கூடும். இருவாச்சிப் பறவைக்கு வேண்டியது அத்தகைய மரமே. அதன் பெரிய அலகால் மரத்தைக் குடைய இயலாது. தானாக உண்டான பொந்துக்குள் பெண் பறவை புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். அம்மரத்தை வெட்டிவிட்டு ஆயிரம் கன்றுகள் நட்டாலும் அடுத்த பருவத்தில் அப்பறவைக்குக் கூடு கிடைக்காது.

விழுந்த மரமும் அப்படித்தான்: மட்க மட்க ஈரத்தைத் தாங்கி, விதைகள் முளைக்க இடம் தருகிறது. செத்த கட்டையை மட்கச் செய்யும் பூஞ்சைகளுள் பெரும்பாலானவை நலமான மரத்தைத் தாக்குவதில்லை. போலந்தின் பியாவோவியேஜா காட்டில் மரப்பட்டையைத் துளைத்து மரத்தைக் கொல்லும் பட்டை வண்டைக் காரணம் காட்டி 2016-இல் வெட்டும் அளவை அரசு உயர்த்தியது. செத்த மரங்களை நம்பி வாழும் அரிய வண்டினங்களுக்கு அதனால் கேடு என்பதையும் கருதி, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் அதைச் சட்டமீறல் எனத் தீர்ப்பளித்தது.

இதற்காக எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீலகிரியில் தோல் பதனிடும் பட்டைக்காகப் பெருமளவில் வளர்க்கப்பட்ட, வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரம் (ஆங்கிலத்தில் வாட்டில்; சீகைக்காய் தரும் கொடியன்று) (பெரியமேட்டுத் தோல் வணிகம் உங்களுக்குப் புதிதல்ல) புல்வெளிகளுக்குள் பரவியிருக்கிறது. அங்கே அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலை (நீலகிரிக்கே உரிய மலைக்காடு) மரக்கன்றுகள் முளைத்திருக்கின்றன. அங்கே ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினால் கன்றுகளும் அழியும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவதே என் பார்வையில் முறை.

2016 வர்தா புயலில் நம் தெருக்களில் சாய்ந்த மரங்களை அகற்றியே ஆக வேண்டியிருந்தது. காட்டுச் சாலையின் குறுக்கே விழுந்ததையும் அறுக்கத்தான் வேண்டும். அறுத்த துண்டுகளை லாரியில் ஏற்றாமல் ஓரத்துக் காட்டுக்குள்ளேயே உருட்டிவிட்டால் போதும்.