புதிய டாக் வாங்கவா, அண்ணா?

இலக்கமுறை ஒலியை மின்னலையாக மாற்றுவது டாக். அதை ஹெட்போனுக்கு ஏற்றபடி பெருக்குவது அம்பிளிபயர். இரண்டையும் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

கொக்குவில் மாணவர்: அண்ணா, என்னிடம் இருக்கும் டாக்கும் அம்பிளிபயரும் நான்கு வருடப் பழசு. குறை ஒன்றும் தெரியவில்லை. மாற்றலாமா?

குறை தெரியவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. பிறகு எதைத் திருத்தப் போகிறோம்? சிடியின் 16 பிட் ஒலிக்கே, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சு உண்டு. ஒழுங்காகச் செய்த மலிவான டாக்கே இன்று அதைத் தாண்டிவிடுகிறது. காசைச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஹெட்போனை மாற்றுங்கள். வித்தியாசம் முதல் பாட்டிலேயே கேட்கும்.

பருத்தித்துறை வாசகர்: லண்டனில் இருந்து வந்த மாமா 300 ஓம் ஹெட்போன் தந்தார். போனில் செருகும் டொங்கிளில் முழுச் சத்தம் வைத்தும் போதவில்லை. நல்ல டாக் எது?

உங்கள் குறை உண்மையானது, ஆனால் அது டாக்கின் குறை அல்ல. ஓம் என்பது மின்தடையின் அளவு; அது கூடினால் அதே வோல்டேஜில் குறைந்த சக்தியே போகும். டொங்கிள் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஓம் ஹெட்போனுக்கு அதில் 31 மில்லிவாட் போகும். உங்களுடையதற்கு 3 மில்லிவாட் சொச்சம்தான். 4 வோல்ட் தரும் அம்பிளிபயர் என்றால் 53 மில்லிவாட் கிடைக்கும், அதாவது 12 டெசிபல் கூடுதல். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் கணக்கை விட்டுவிட்டு, 300 ஓமில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். டொங்கிளை எறிய வேண்டாம்; அம்பிளிபயருக்கு அதுவே டாக்காக இருக்கட்டும்.

மானிப்பாய் ஐயா ஒருவர்: யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் பழைய ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். நொடிக்கு 384 ஆயிரம் மாதிரிகளைக் கையாளும் 384 கிலோஹேர்ட்ஸ் டாக்கில் துலங்குமா?

துலங்காது, ஐயா. நாடாவில் பதியாததை டாக் எங்கிருந்து கொண்டுவரும்? நாடாவை மீண்டும் ஓட்ட முடியுமானால், முதலில் பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பதியுங்கள். செலவும் கொஞ்சம்தான்.

சுன்னாகம் வாசகி: மடிக்கணினியில் சார்ஜர் போட்டவுடன் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று இரைகிறது. கழற்றினால் நின்றுவிடுகிறது.

இதே இரைச்சலுக்காக நானும் ஒருமுறை இரண்டாவது டாக் பெட்டி வாங்கினேன், தங்கச்சி. இரைச்சல் அதற்குள்ளும் குடிவந்தது. அது சார்ஜர் வழியாகவும் எர்த் வழியாகவும் வருவது. பாட்டுக் கேட்கும் நேரம் பேட்டரியில் ஓடவிடுங்கள், வேறு சார்ஜரையும் போட்டுப் பாருங்கள். வீட்டு எர்த்தை மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள்.

சாவகச்சேரி வாசகர்: புதிய டாக் பெட்டியில் தவிலின் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்கிறது. மனைவி, ஒரு வித்தியாசமும் இல்லை என்கிறார்.

வீட்டுச் சண்டையில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சற்றுக் கூடுதல் சத்தம் எப்போதும் நல்ல ஒலி போலவே காதை ஏமாற்றும். 100 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரு பெட்டிகளின் வெளியீட்டையும் மல்டிமீட்டரால் அளந்து ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். மனைவி 10 தடவை மாற்றிச் செருகட்டும்; ஒவ்வொரு தடவையும் எந்தப் பெட்டி என்று நீங்கள் சொல்லுங்கள். குருட்டு ஊகத்தில் 9 அல்லது அதற்கு மேல் சரியாவது நூற்றில் ஒரு வாய்ப்புதான். அவ்வளவு வந்தால் வென்றீர்கள். ஐந்தோ ஆறோ வந்தால், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தவணை என்று பில்லைப் பாருங்கள்.