மேசை மேல் இருந்த பிஸ்டன்: கேள்வி பதில்

பழைய கார் இன்ஜின்களைப் பற்றிப் பேசும்போது, 1913-இல் பென்ட்லி காருக்கு அலுமினிய பிஸ்டன் (சிலிண்டர் குழாய்க்குள் மேலும் கீழும் ஓடி இன்ஜினைச் சுற்றவைக்கும் உருளை) போட்ட கதையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் முப்பது வருடம் சிலிண்டர் போரிங் பட்டறை, அதாவது சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து சரிசெய்யும் பட்டறை, நடத்தியவன். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்களேன் சார்.

பிற்பாடு பென்ட்லி கார்களைச் செய்த டபிள்யூ. ஓ. பென்ட்லி, அப்போது சொந்தமாகக் கார் செய்யவில்லை. அண்ணனோடு சேர்ந்து லண்டனில் டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சுக் காரை விற்றுக்கொண்டிருந்தார். 1913-இல் பாரிஸ் பக்கத்திலுள்ள அந்தத் தொழிற்சாலைக்குப் போனபோது, அலுவலக மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு குட்டி அலுமினிய பிஸ்டனை வைத்திருந்தார்கள். பார்த்தவர் அங்கேயே அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். 88 பங்கு அலுமினியம், 12 பங்கு செம்பு கலந்து பிஸ்டன் வார்க்கச் சொன்னார். அதைப் போட்ட 2 லிட்டர் இன்ஜின் கார் 1914 தொடக்கத்தில் இங்கிலாந்தின் ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 89 மைலைத் தொட்டது. அந்த வருட டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில், 3.3 லிட்டர் இன்ஜின் வரை அனுமதி இருந்த கூட்டத்தில், ஆறாவதாக வந்தது.

அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுமே. உள்ளே எரியும் வாயு 2000 டிகிரிக்கு மேல். எப்படித் தாங்கியது?

அன்று பலருக்கும் இருந்த பயமும் இதுதான். அடுப்பிலிருக்கும் அலுமினியச் சட்டியின் காதைத் துணியில்லாமல் தொட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். சூடு ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறது. பிஸ்டன் தலையில் விழும் வெப்பம், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் (வளையம்) வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கும் போய்விடும். அதுவரை வழக்கமாக இருந்த வார்ப்பிரும்பு பிஸ்டனில் அது மெதுவாகத்தான் நகரும். தலையின் நடுப்பகுதி காய்ந்து, ஸ்பார்க் வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். அதனால் கம்ப்ரஷனை (எரியும் முன் வாயுவை அழுத்தும் அளவை) கூட்ட முடியாது. என்னைக் கேட்டால் பென்ட்லிக்குக் கிடைத்த பெரிய லாபம் எடை அல்ல, இதுதான்.

அப்படியென்றால் எடை குறைந்ததில் பயனே இல்லையா அண்ணே?

இல்லாமலா? பிஸ்டன் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை நின்று நின்று திரும்புகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை நாலு மடங்கு. பிஸ்டன் லேசானால் அதே ராடு, அதே பேரிங்கோடு இன்னும் வேகமாகச் சுற்றலாம்.

தொல்லை எதுவும் வரவில்லையா?

வந்தது. 100 மில்லிமீட்டர் பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் வார்ப்பிரும்பு சுமார் 0.16 மி.மீ. விரியும், அலுமினியம் 0.34 வரை போகும். அதற்கு இடம் விட்டால் காலையில் குளிர்ந்த இன்ஜின் டக் டக் என்று தட்டும். விடாவிட்டால் சூடானதும் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். புதிதில் நானே ஒரு ஜீப்புக்கு ரொம்ப இறுக்கமாகப் போர் பண்ணிக் கொடுத்து, அது பாதி வழியில் பிடித்து நின்றது. பிஸ்டனைக் கழற்றினால் இரண்டு பக்கமும் பூனை பிறாண்டின மாதிரி கோடு. பிற்பாடு கீழ்ப்பகுதியில் வெட்டு விட்டார்கள், சிலிக்கான் கலந்து விரிவைக் குறைத்தார்கள்.

மற்றவர்களுக்கு எப்படிப் பரவியது?

முதல் உலகப் போர் வந்தது. பென்ட்லி கடற்படை விமானப் பிரிவில் சேர்ந்து, இங்கிலாந்தின் டெர்பி நகருக்குப் போய் ரோல்ஸ் ராய்ஸ்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய ஈகிள் விமான இன்ஜினில் அலுமினிய பிஸ்டன் ஏறியது. அப்புறம் அவரே வடிவமைத்த பி.ஆர்.1 இன்ஜினில் சிலிண்டரையும் அலுமினியத்தில் செய்து, உள்ளே இரும்பு லைனர் (உறை) போட்டார். சாப்வித் கேமல் என்ற போர் விமானங்களில் ஓடியது அது.

என்னிடம் ஒரு சிலிண்டர் பழைய இன்ஜின் இருக்கிறது, வார்ப்பிரும்பு பிஸ்டன். அலுமினியம் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கிராங்கில் இருக்கும் எதிர் எடை பழைய பிஸ்டனுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. அதைச் சரிசெய்யாமல் லேசானதைப் போட்டால் வண்டியே நடுங்கும். பழைய பிஸ்டன், அதை ராடோடு கோக்கும் பின், ரிங் எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்து எடையை எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.