தெர்மல் பிரிண்டர்ல அடிச்ச லேபிள் சில மாசத்துலயே மங்கிடுது, பார்கோடும் ஸ்கேன் ஆகல. டார்க்னஸ் எவ்வளவு வைக்கணும்?

டார்க்னஸ், அதாவது பிரிண்டர் எவ்வளவு சூட்டுல அடிக்கணும்ங்கிற செட்டிங், அப்புறம் பாக்கலாம். முதல்ல உங்க ரோல்ல இருந்து ஒரு லேபிளை உரிச்சு நகத்தால அழுத்தி வேகமா கீறிப் பாருங்க. கறுப்பா கோடு விழுந்தா அது டைரக்ட் தெர்மல், அதாவது மை பூசுன ரிப்பன் கிடையாது, சூடு பட்டா கறுக்குற பூச்சு அந்த பேப்பர் மேலயே இருக்கு. உங்களது அதாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அப்படின்னா டார்க்னஸை எவ்வளவு ஏத்துனாலும் மங்கத்தான் செய்யும்.

இதை இவ்வளவு அடிச்சு சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்ல லேபிள் பொறுப்பு என்கிட்ட இருந்துச்சு. ரேக்குக்கும் பெட்டிக்கும் எல்லாத்துக்கும் டைரக்ட் தெர்மல் தான். வெயில் விழுற ஜன்னலோர ரேக்ல முதல்ல மங்க ஆரம்பிச்சுது, அப்புறம் ஆயில் கை பட்ட பெட்டிங்க, அதுக்கப்புறம் பத்திரமா இருக்கட்டும்னு மேல செலோடேப் ஒட்டி வச்சதுங்களும் போச்சு. டேப்ல இருக்குற பசையே அந்தப் பூச்சைக் கெடுக்கும்னு அப்ப எனக்குத் தெரியாது. நான் என்ன பண்ணேன், எங்க மெஷின்ல அளவு 0-லேர்ந்து 30 வரைக்கும், 12-ல இருந்ததை 28-க்கு ஏத்திட்டேன். அடிச்ச அன்னைக்கு பளிச்சுன்னு இருந்துச்சு. ஆனா சூடு அதிகமானதுல கோடுங்க தடிச்சு நடுவுல இருக்குற வெள்ளை இடைவெளி அடைஞ்சுபோச்சு, கொஞ்ச நாள்ல ஹெட்ல (சூடாகி அடிக்குற பாகம்) ஒரு டாட், அதாவது ஒரு புள்ளி அடிக்குற குட்டி ஹீட்டர், எரிஞ்சும் போச்சு. டாட் போனா பேப்பர் நகர்ற திசையில நெடுக ஒரு வெள்ளைக் கோடு வரும். எங்க பார்கோடோட கோடுங்களும் அதே திசையில இருந்ததால ஒரு கோடு மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டா பிளந்துடுச்சு, ஸ்கேனர் எங்க வச்சாலும் படிக்காது.

ஸ்கேன் ஆகாததால லோடிங் பசங்க நம்பரைக் கையால அடிச்சாங்க. பதிமூணு இலக்கம், ராத்திரி ஷிப்ட், பாதி மங்குன லேபிள். தப்பு வரத்தானே செய்யும்? ஸ்டாக் கணக்கு உதைச்சதும் முதல் சந்தேகம் அந்தப் பசங்க மேல தான். ஒருத்தனோட பையை கேட்ல வச்சு தினமும் கொட்டி பாத்தாங்க. எங்க பைய யாரும் பாக்கல, ஏன்னா நாங்க பெர்மனென்ட், அவன் காண்ட்ராக்ட். பொருள் எதுவும் காணாம போகலன்னு அப்புறம் தெரிஞ்சுது, வேற நம்பர்ல ஏறியிருந்துச்சு அவ்வளவுதான். அவன்கிட்ட ஒருத்தரும் மன்னிப்பு கேக்கல. அதுக்குள்ள அவன் வேலைய விட்டே போயிட்டான். கேள்விக்கு இது சம்பந்தமில்லன்னு தெரியும், ஆனா லேபிள்னா ஒண்ணுமில்லாத வேலைன்னு யாராவது சொன்னா எனக்கு அந்த கேட் தான் ஞாபகம் வருது.

சரி, எப்படி சரியாச்சுன்னு சொல்றேன். ரிப்பன் போடுற தெர்மல் டிரான்ஸ்பர் மெஷினுக்கு மாறுனோம். பாலியஸ்டர் லேபிள் வாங்குனோம், ஆனா ரிப்பன் வாக்ஸ் (மெழுகு மை) வந்துடுச்சு, கட்டைவிரலால தேய்ச்சாலே மை கையோட வந்துச்சு. வாக்ஸ் சாதா பேப்பருக்கு, வாக்ஸ்-ரெசின் (மெழுகும் பிசினும் கலந்தது) கொஞ்சம் உராயுற இடத்துக்கு, பாலியஸ்டருக்கு ரெசின். லேபிளும் ரிப்பனும் ஜோடி, தனித்தனியா தேர்ந்தெடுக்கவே கூடாது. ரெசினுக்கு சூடு கூட வேணும், ஆனா டார்க்னஸை மட்டும் ஏத்தாம வேகத்தைக் குறைங்க. வினாடிக்கு 6 இன்ச்ல ஓடுனதை 3-க்கு கொண்டுவந்தேன், அதுலயே பாதிப் பிரச்சனை தீந்துச்சு. அங்கிருந்து டார்க்னஸை ரெண்டு ரெண்டா ஏத்தி ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணிப் பாத்து, நல்லா படிக்கிற குறைஞ்ச நம்பர்ல நிறுத்திட்டேன். ரிப்பன் லேபிளை விட கொஞ்சம் அகலமா இருக்கணும், இல்லன்னா லேபிள் ஓரம் நேரா ஹெட்ல உரசி தேய்ச்சுடும்.

இவ்வளவு பண்ணியும் சின்ன லேபிள் மட்டும் ஸ்கேன் ஆகல. பாத்தா பிடிஎஃப்ல "பக்கத்துக்கு பொருத்து" ஆன்ல இருந்துச்சு. 203 டிபிஐ (இன்ச்சுக்கு 203 டாட்) மெஷின்ல ஒரு மில்லிமீட்டருக்கு 8 டாட். மெல்லிசான கோடு ரெண்டு டாட்னு வச்சு டிசைன் பண்ணியிருந்தா, 95 சதவீதமா சுருக்குனதும் ஒண்ணேமுக்கால் டாட்டுக்கு மேல ஏதோ வருது, மெஷினால அரை டாட் அடிக்க முடியாது, அதனால சில கோடு ரெண்டாவும் சிலது ஒண்ணாவும் விழும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 100 சதவீதத்துல அடிங்க, இல்ல பார்கோடை பிரிண்டரையே வரைய விடுங்க.

டாப் கோட் (மேல ஒரு பாதுகாப்புப் பூச்சு) போட்ட டைரக்ட் தெர்மல் இருக்கே, அது தாங்குமேன்னு யாராவது கீழ வந்து எழுதுவீங்க. சாதாவை விட தாங்கும், ஒத்துக்கிறேன், ஆயிலும் ஈரமும் உடனே ஏறாது. ஆனா வெயில்ல வருஷக்கணக்கா நிக்கிறதுக்கு நான் அதை நம்ப மாட்டேன். ரெண்டு நாள்ல கிழிச்சு எறியப்போற பார்சல் லேபிளுக்கு சாதா டைரக்ட் தெர்மலே போதும், அதுக்கு ரிப்பன் செலவு வேண்டாம். நான் இன்ஜினியர் இல்ல, கையால பண்ணிப் பாத்ததை மட்டும் தான் சொல்றேன்.

ஹெட்டை ஒவ்வொரு ரோல் மாத்தும்போதும் மெஷினை ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால துடைங்க. கத்தி, பிளேடு எதுவும் கிட்ட கொண்டுபோகாதீங்க. உங்க லேபிள் எதுல ஒட்டுறீங்க, எண்ணெய் படுமா, குளிர்ல இருக்குமா, எவ்வளவு நாள் நிக்கணும்னு கீழ எழுதுங்க, அதைப் பாத்துட்டு எந்த ரிப்பன்னு சொல்றேன்.