தோற்றுப்போன ஒரு வழக்கைத்தான் சொல்வேன்

எல்ஜிபிடிக்யூ (தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் முதலானோர்) உரிமைகளுக்கான வழக்குகளில் மனத்தில் நின்றது எது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கா முழுவதும் தன்பாலினத் திருமணத்துக்கு வழிவிட்ட 2015-ஆம் ஆண்டு ஓபர்கெஃபல் வழக்கைப் பலரும் சொல்வார்கள். நான் அதற்கு 43 ஆண்டுகள் முன்பு தோற்ற ஒன்றைச் சொல்கிறேன்: பேக்கர் எதிர் நெல்சன்.

1970 மே மாதம் ஜாக் பேக்கரும் மைக்கேல் மெக்கானலும் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் திருமண உரிமம் கேட்டு விண்ணப்பித்தார்கள். பேக்கர் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தார். ஆணும் ஆணும் மணக்கக் கூடாது என்று மாநிலச் சட்டத்தில் எங்கும் நேரடியாக எழுதியிருக்கவில்லை. அந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். உரிமம் கிடைக்கவில்லை, வழக்கு மினசோட்டா உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே வாதத்தின்போது நீதிபதிகள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். ஒருவர் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார் என்றும் சொல்வார்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்; தீர்ப்பில்கூட இல்லை.

1972 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே வரியில் கதையை முடித்தது: பொருட்படுத்தத்தக்க கூட்டாட்சிச் சட்டக் கேள்வி எதுவும் இதில் இல்லை. ஒரு வரிதானே என்று விடவும் முடியாது. காரணம் சொல்லாத அந்த உத்தரவும் முன்தீர்ப்புதான், அதாவது கீழ் நீதிமன்றங்கள் பின்பற்ற வேண்டிய ஒன்று. பின்னால் திருமண உரிமை கேட்டு யார் படியேறினாலும் எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டியது. ஓபர்கெஃபல் 5-4 என்று வென்றபோது, பேக்கர் தீர்ப்பு இனிச் செல்லாது என்று நீதிமன்றம் பெயர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது.

தோற்ற தீர்ப்பு பின்னால் புரள்வது இது ஒன்றில் மட்டும் நடக்கவில்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பவர்ஸ் எதிர் ஹார்ட்விக் 2003-இல் புரண்டது. 1986 தீர்ப்புக்கு ஐந்தாவது வாக்கைப் போட்ட நீதிபதி பாவல், ஓய்வுபெற்ற பிறகு, தான் தவறு செய்துவிட்டதாக நினைப்பதாகச் சொன்னார். என்ன பயன்! இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை 2013-இல் தூக்கிப்பிடித்த கௌஷல் தீர்ப்பை ஐந்தே ஆண்டுகளில், 2018 செப்டம்பர் 6 அன்று, ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தள்ளினார்கள்.

சரி, பேக்கருக்கு வருகிறேன். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் தன் பெயரை ஆணா பெண்ணா என்று தெரியாதபடி பாட் லின் என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார். வேறொரு மாவட்டத்தில் உரிமம் வாங்கி, 1971 செப்டம்பரில் இருவரும் மணமும் முடித்துவிட்டார்கள். அதிகாரிகள் அதைப் பதிவுசெய்யவில்லை. 2018-இல் மினசோட்டா நீதிமன்றம் ஒன்று அந்தத் திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, உச்ச நீதிமன்றம் அந்த ஒரு வரியை எழுதிய நாளில் அவர்களுக்குச் சட்டப்படி கல்யாணமாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.