மதிய மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை சாப்பிடுகிறார். காலை மாத்திரை நன்றாகக் கேட்கிறது. மதிய மாத்திரை பல நாள் கேட்பதே இல்லை, சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழவே சிரமப்படுகிறார். எடை குறைந்துவிட்டதால் இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டோடு பாலில் புரதப் பவுடர் கலந்து தருகிறேன். மாத்திரையும் அப்போதுதான். பூனைக்காலி விதைப் பொடியும் கோஎன்சைம் க்யூ10 மாத்திரையும் கொடுத்தால் ஆங்கில மருந்தை நிறுத்திவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும் லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாக முடிந்ததுண்டு.

இனி மதிய மாத்திரைக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலுக்குப் போன பிறகுதான் ரத்தத்தில் சேரும். அங்கே அது நுழையும் வழி, புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் நுழைகிற அதே வழி. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் இடத்திலும் இதே போட்டி மறுபடி நடக்கிறது. பால், புரதப் பவுடர், மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில் போனால் கூட்டத்தில் மாத்திரைதான் பின்தங்கும். நோய் திடீரென முற்றிவிட்டது என்று பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் இது நேரக் கோளாறாகத்தான் இருக்கும். எடை குறைகிறதே என்ற அக்கறையில் செய்தது, இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிட வேண்டாம். இந்த நோயில் எடையும் தசையும் குறைவது பெரிய கவலை. நடுக்கமும் விறைப்பும் சக்தியைத் தின்கின்றன, வாசனை தெரியாமல் போவதால் சாப்பாட்டில் ருசியும் போய்விடுகிறது. எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம் அவருக்குத் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். பவுடரை இரவுக்குத் தள்ளுங்கள். முட்டை, இறைச்சி, பருப்பு, பால் போன்றவற்றில் பெரும் பங்கும் இரவுச் சாப்பாட்டுக்கே போகட்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் கொடுங்கள். மறந்துவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் பால் சேராத பிஸ்கட் ஒன்றிரண்டு போதும்.

இதை ஆரம்பிக்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மருந்து முழுதாக உள்ளே போக ஆரம்பித்தால் சிலருக்குக் கை கால் தானாக ஆடும். அப்போது அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், நன்றாக நடந்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அந்த நோட்டு நிறைய சொல்லும்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கின்சன் என்றதும் நான் அதைக் கேட்காமல் விடுவதில்லை. பலருக்குக் கை நடுக்கம் தொடங்கப் பல வருடங்களுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. குடல் மந்தமானால் மாத்திரை சேருவதும் மந்தமாகும். காய்கறி, பழம், முழு தானியம், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், முடிந்த அளவு நடை. இதிலும் சரியாகாவிட்டால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

அப்புறம் பூனைக்காலி. அது வெறும் நம்பிக்கை இல்லை, அந்த விதையில் இருப்பதே லெவோடோபாதான். அதனால்தான் எனக்குப் பயம். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே இருக்கும். பொடியிலோ விதைக்கு விதை அளவு மாறும். மருந்து மூளைக்குப் போகும் முன்பே வீணாகாமல் காக்கிற கார்பிடோபாவும் பொடியில் கிடையாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால், ஒரே மருந்தை அளவு தெரியாமல் கூட்டிக் கொடுத்ததாகிவிடும்: வாந்தி, எழுந்து நின்றதும் தலைசுற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோஎன்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரை பற்றி எனக்கும் ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. ஆரம்ப நிலையில் இருந்த 600 பேருக்கு, நாளுக்கு 1,200 மில்லிகிராம், 2,400 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலில்லை என்று 2014-இல் வெளியிட்டார்கள். தசைக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் என்ற சத்துப் பொடியை 1,741 பேரிடம் வருடக்கணக்காகச் சோதித்தார்கள், அதுவும் பலனில்லை என்று பாதியில் நின்றது. வைட்டமின் ஈ 1993-லேயே தோற்றுவிட்டது. அந்தப் பணத்தைச் சத்துள்ள சாப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

பரிசோதித்துப் பார்த்து, குறைந்திருந்தால் கொடுக்க வேண்டியவை வைட்டமின் பி12, வைட்டமின் டி இரண்டும். பல வருடம் லெவோடோபா எடுப்பவர்களுக்கு பி12 குறைந்து பாதம் மரத்துப்போகலாம். கீழே விழ வாய்ப்புள்ளவருக்கு எலும்பு பலம் முக்கியம், அதற்குத்தான் வைட்டமின் டி. பி6 தனியாக அதிக அளவில் வேண்டாம், அதுவே நரம்பைக் கெடுக்கும். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் லெவோடோபாவுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டும் குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மருந்து சேராமல் போகும். ராசாஜிலின் அல்லது செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரையும் எடுக்கிறார் என்றால் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சேர்ந்த இருமல் சிரப்பும் கூடாது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும் வேண்டாம், லெவோடோபா மூளையில் டோபமைன் என்ற ரசாயனமாக மாறித்தான் வேலை செய்கிறது, அந்த டோபமைனை இது தடுத்து நோயையே கூட்டிவிடும்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். சாப்பிடும்போது இருமுகிறாரா, தண்ணீர் குடித்த பின் குரல் கரகரக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் விழுங்குதலைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்த மாதமே காட்டிவிடுங்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்துவிடும்.