கடைப்பெயர் பொறித்த துப்பாக்கிக்கு என்ன மதிப்பு?

கேள்வி: அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். அண்மையில் காலமான என் மனைவியின் தாத்தா, இரண்டு ஷாட்கன்களை உயில் மூலம் அவளுக்கு விட்டுச் சென்றுள்ளார். ஒன்றில் ‘ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20’ என்றும், மற்றதில் ‘வெஸ்டர்ன் ஃபீல்டு எம்550’ என்றும் பொறித்திருக்கிறது. முதலாவதில் வரிசை எண்ணே இல்லை. பாலிஷ் போட்டு விற்றால் நல்ல விலை கிடைக்குமா?

பதில்: பாலிஷ் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் கடைப்பெயர்கள். அந்தப் பெயர்களில் தொழிற்சாலை எதுவும் இருந்ததில்லை. ஜே.சி. ஹிக்கின்ஸ் என்பது சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தின் பெயர்; அது தன் ஊழியர் ஒருவரின் பெயரையே விளையாட்டுப் பொருள்களுக்குச் சூட்டி, துப்பாக்கிகளைப் பிறரிடம் செய்து வாங்கி விற்றது. அந்த ஹிக்கின்ஸ் துப்பாக்கியின் குழலில் மாடல் எண்ணுக்கு அருகே 583 என்று தொடங்கி, புள்ளிக்குப் பின் மேலும் சில இலக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 583 என்பது ஹை ஸ்டாண்டர்டு என்ற துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனத்துக்கு சியர்ஸ் வைத்த குறியீடு. வெஸ்டர்ன் ஃபீல்டு என்பது, மாண்ட்கமரி வார்டு என்ற அமெரிக்கக் கடைகள் தாம் விற்ற துப்பாக்கிகளுக்குச் சூட்டிய பெயர். எம்550 என்பது மாஸ்பெர்க் என்ற தயாரிப்பாளரின் 500 மாடல் ஷாட்கனின் மறுவடிவம்.

வரிசை எண் இல்லாததற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஷாட்கன்களுக்கு அது கட்டாயமானது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால்தான். ஆனால், இருந்த எண்ணைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தால், விற்க முயலாமல் உடனே வழக்கறிஞரை அணுகுங்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றேயானாலும், கடைப்பெயர் தாங்கியது பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொந்தப் பெயர் தாங்கியதைவிடக் குறைவாகவே போகும். இத்தகையவை ஒவ்வொன்றும் பொதுவாகச் சில நூறு டாலருக்குள் அடங்கும். கறுப்புப் பூச்சைப் புதுப்பிக்கும் கூலியே அதை விழுங்கிவிடும். சேகரிப்பவர்களோ பழைய பூச்சையே விரும்புவதால், செலவழித்து மதிப்பைக் குறைத்துக்கொள்வதாக முடியும்.

விற்பதாக முடிவு செய்தால், கூட்டாட்சி அரசின் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் கொடுங்கள். தரகுத்தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தாத்தா இறந்த நாளில் இருந்த சந்தை மதிப்பை அந்த வணிகரிடமே எழுத்தில் வாங்கி வைப்பதும் நல்லது. மரபுரிமையாக வந்த பொருளுக்கு அந்த மதிப்பே வரிக்கணக்கின் அடிப்படை விலை என்பதால், அதற்கு மேல் கிடைப்பது மட்டுமே ஆதாயமாகக் கொள்ளப்படும்.